பின்னந்தலை

கேஷ் அக்காவின் வீட்டில் இருக்கிற எந்தத் தலையும் சலூன் நாற்காலியில் சாய்ந்து பல வருஷங்கள் ஆகின்றன. இதை அவள் ஒரு குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகவே சொல்லிக்கொள்வாள். மருந்துக் கடையில் கல்லாவில் உட்கார்ந்து பணம் வாங்கிப் போடுகிற வேலை என்பதால் கடையில் எல்லோருக்கும் அவள் கேஷ் அக்கா. வீட்டுக்காரரும் கிண்டலாக "என்ன கேஷ்" என்றுதான் கூப்பிடுவார். பெயர்ப் பொருத்தம் அப்படி அமைந்துவிட்டது. அவள் கைக்குள் போன காசு அவ்வளவு லேசில் வெளியே வராது.

முடி வெட்டுவது அவள். சாயம் பூசுவதும் அவள். கடையில் அட்டை நசுங்கிப் போன சாயப் பெட்டிகளை வேலை செய்கிறவர்களுக்குக் குறைந்த விலையில் கொடுப்பார்கள். அட்டை நசுங்கினால் உள்ளே இருக்கிற சாயமுமா நசுங்கிவிடும்? மற்ற வீடுகளில் ஒரு பெட்டி ஒரு தலைக்கு ஒரு தடவை. இவள் கையில் அது இரண்டு தலைக்கு இரண்டு தடவை. டியூபில் இருப்பதையும் புட்டியில் இருப்பதையும் கலந்தால்தான் கெட்டுப்போகும், கலக்காமல் வைத்தால் கெடாது என்று கண்டுபிடித்த அன்று, ஏதோ புதையலைத் தோண்டி எடுத்தவள்போல் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். வகிடு, காதோரம், நெற்றிக்கு மேலே, இவ்வளவுதான் கணக்கு. பார்க்கிறவர் கண் முதலில் போகிற இடத்துக்குப் பூசினால் போதும், மற்ற இடத்துக்கு எதற்குத் தெண்டம் என்பாள். பழைய பல் துலக்கும் பிரஷ்தான் பூசுவதற்கு. கைக்கு உறை, ரொட்டி வாங்கி வந்த பிளாஸ்டிக் பை.

வெளியூரில் படிக்கிற மகள் லீவில் வந்து போகும்போதெல்லாம் அப்பாவின் தலையைப் பார்த்து, "நம்ம வீட்டு ஹெல்மெட்" என்று சிரிப்பாள். அவளுக்கும் பன்னிரண்டாவது முடிக்கும் வரை அம்மாவின் கத்தரிதான். காலேஜுக்குப் போன முதல் மாதமே யாரிடமோ காசு கொடுத்து வெட்டிக்கொண்டாள். அதற்காக கேஷ் அக்கா இரண்டு வாரம் போனில் சரியாகப் பேசவில்லை.

வெட்டி முடித்ததும் சலூனில் காட்டுவது மாதிரியே கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்து வீட்டுக்காரருக்குக் காட்டுவாள். கூடவே தீர்ப்பும் வரும். "வலப்பக்கம் கோணிப்போச்சு. நீங்க ஆடினீங்க, நான் என்ன பண்றது?" என்பாள். "உங்க மண்டையே பின்னாடி சப்பை. எந்தக் கொம்பன் வெட்டினாலும் இப்படித்தான் இருக்கும்" என்பாள். அவருக்கு அதில் கோபமே வராது. சிரித்துக்கொண்டே துண்டை உதறுவார். ஒளிவு மறைவு தெரியாத வாய் அவளுக்கு. அந்த வாயை நம்பித்தான் அவர் சட்டை எடுப்பதிலிருந்து சண்டை போடுவது வரை எல்லாவற்றையும் முடிவு செய்தார்.

அதெல்லாம் அவர் வேலை பார்த்த டைல்ஸ் கம்பெனியை மூடுவதற்கு முன்னால். குடோன் பொறுப்பாளராக இருந்தவர், பத்து மாதமாக வீட்டில் இருக்கிறார். இந்தப் பத்து மாதத்தில் அவள் வாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. நல்லது என்று நினைத்தாளோ என்னவோ, குறை சொல்வதை நிறுத்தியிருந்தாள்.

அன்று அவருக்கு இன்டர்வியூ. பெரிய கடைகளுக்குச் சரக்கு அனுப்புகிற ஒரு கம்பெனி, மறுபடியும் குடோன் வேலை. முந்தின நாள் சாயங்காலம்தான் போன் வந்தது. வெள்ளைச் சட்டையை அவரே இஸ்திரி போட்டார். குளியலறைக் கதவைப் பார்த்து நின்றுகொண்டு, "என் அனுபவத்தைப் பொறுத்தவரைக்கும்" என்று ஆரம்பித்துப் பேசிப் பார்த்தார். அடுக்களையில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த கேஷ் அக்கா அடுப்பைத் தணித்தாள். போன இன்டர்வியூவுக்குக் கிளம்பியவர், தலைவலி என்று பாதி வழியில் திரும்பி வந்துவிட்டார். தலைவலி இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இன்றைக்கு அவர் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் அவள் வேண்டியது.

"பின்னாடி காலர் மேல முடி விழுது. ரெண்டே இழுப்பு, உட்காருங்க."

"இருக்கட்டும்மா. நேரமாகுது."

"பெரிய பெரிய ஆளுங்க உட்கார்ந்து பார்ப்பாங்க. பறட்டைத் தலையோட போய் நிப்பீங்களா?"

அவர் உட்கார்ந்தார். இந்த இடத்தில் அந்த ட்ரிம்மரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முடியை ஒட்ட வழிக்காமல் தடுக்கிற பிளாஸ்டிக் சீப்பு ஒன்று அதன் வாயில் மாட்டியிருக்கும். அதன் கொக்கி உடைந்து ஒரு வருஷமாகிறது. புதுச் சீப்பு என்ன விலை என்று விசாரித்தாள். விலையைக் கேட்டதும், "இதுக்கு அந்தக் கடைக்காரனுக்கே முடி வெட்டிவிடலாம்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து ரப்பர் பேண்டைச் சுற்றிக் கட்டினாள். கட்டியது அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

பிடரியில் வைத்து மேலே இழுத்தாள். 'டப்' என்று ஒரு சத்தம். கை நிற்பதற்குள், கழுத்திலிருந்து உச்சி வரைக்கும் போகிற வழியில் பாதிக்கு, இரண்டு விரல் அகலத்தில், ஒரு பாதை விழுந்துவிட்டது. வெயிலையே பார்க்காத தோல் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. சீப்பு தரையில் கிடந்தது.

"என்ன சத்தம்?"

"ரப்பர் பேண்ட் அறுந்துபோச்சு."

அது உண்மை.

"ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகல. அசையாதீங்க."

அது பொய். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழைய கேஷ் அக்காவாக இருந்திருந்தால், "போச்சு, மண்டையில ரோடு போட்டுட்டேன்" என்று அந்த நொடியே கத்தியிருப்பாள். இப்போது வாய் திறக்கவில்லை. சொன்னால் போகமாட்டார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவார். அந்த ஜன்னலும் அந்த முதுகும் அவளுக்குப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டன.

"கொஞ்சம் டச்சப் பண்ணிடறேன்" என்றாள். டியூபிலிருந்து ஒரு பட்டாணி அளவு, புட்டியிலிருந்து ஒரு சொட்டு. குழைத்து, அந்தப் பாதையில் பல் துலக்கும் பிரஷால் பூசினாள். சாயம் முடிக்குத்தான், தோலுக்கு ஆகாது என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது. ஊறவைத்துக் கழுவ நேரமும் இல்லை. ஈரத்துணியால் மேலாக ஒற்றி எடுத்து, பக்கத்து முடியைச் சீவி மூடினாள். இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் பரவாயில்லை போலிருந்தது. எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டா பார்ப்பார்கள் என்று யோசிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"கண்ணாடி காட்டு" என்றார் அவர், எப்போதும்போல.

"நேரமாச்சுங்க. எல்லாம் சரியா இருக்கு, கிளம்புங்க."

அவர் கிளம்பினார். படியிறங்கும்போது அவர் பின்னந்தலையை அவள் மேலிருந்து பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

கடைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் அவஸ்தை ஆரம்பமாயிற்று. அவள் கல்லாவுக்கு நேர் எதிரே சாயப் பெட்டிகள் அடுக்கிய அலமாரி. ஒவ்வொரு பெட்டியிலும் ஒருத்தி, கன்னங்கரேலென்ற கூந்தலைத் தோளில் போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். மற்ற நாளில் கண்ணில் படாத சிரிப்பு, இன்றைக்கு முகத்துக்கு நேரே நின்று கேலி செய்வதுபோல் இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே வெயில் கொளுத்தியது. அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்க வேண்டும். நடந்தால் வேர்க்கும். வேர்த்தால்?

மருந்து எடுத்துக் கொடுக்கிற பெண் பக்கத்திலேயே நின்றாள். இளையவள், ஆனால் கெட்டிக்காரி. தன் சம்பளத்தில் ஒரு பங்கை முடிக்கே செலவழிக்கிறவள். அதற்காக கேஷ் அக்காவிடம் வாரத்துக்கு ஒருமுறையாவது வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

"ஏம்மா, ஒரு கஸ்டமர் கேட்டாங்க. சாயத்தைக் கழுவாம வெறுமனே துடைச்சு விட்டா என்ன ஆகும்?"

"எங்க பூசினாங்களாம்?"

"தோல்ல."

"தோல்லயா? வேர்வையில ஊறினா வழியும்கா. வழிஞ்சு துணியில பட்டா அவ்வளவுதான், போகவே போகாது." அந்தப் பெண் மாத்திரை அட்டையைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தாள். "எந்தக் கஸ்டமர்க்கா?"

கேஷ் அக்கா கல்லாப் பெட்டியை மூடினாள், திறந்தாள். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"ஐயோ அக்கா! உடனே போன் பண்ணிச் சொல்லுங்க. அங்க பாத்ரூம் இருக்கும். கழுவிக்குவாரு. கர்ச்சீப்பை நனைச்சுத் துடைச்சாலே பாதி போயிடும்."

"கறுப்பு போனா வழுக்கை தெரியுமே."

"தெரிஞ்சா தெரியட்டும். விஷயம் அவருக்குத் தெரிஞ்சாவது இருக்கும்ல?"

அது அவளுக்கு உறைத்தது. போனை எடுத்தாள். 'பின்னாடி கொஞ்சம்' என்று தட்டச்சு செய்தாள். அழித்தாள். 'கோபப்படாதீங்க' என்று ஆரம்பித்தாள். அதையும் அழித்தாள். ஒரு கிழவர் இருமல் மருந்துக்குக் காசு நீட்டியபடி நின்றுகொண்டே இருந்தார். பாக்கி தரும்போது, அவர் நீட்டிய காசைவிட அதிகமாகக் கொடுத்தாள். கிழவர் எண்ணிப் பார்த்துத் திருப்பித் தந்தார். கல்லாவில் உட்கார்ந்த நாளிலிருந்து அவளுக்கு இப்படி ஆனதில்லை.

நண்பகலில் அவரே கூப்பிட்டார்.

"வந்து சேர்ந்துட்டேன்" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "இங்க எல்லாம் சின்னப் பசங்களா உட்கார்ந்திருக்காங்க. அடுத்து ஒருத்தர், அப்புறம் நான்."

"வேர்க்குதா?"

"உள்ள ஏசி இருக்கு. வர்ற வழியிலதான் நல்லா நனைஞ்சுட்டேன். ஏன்?"

பக்கத்தில் நின்ற பெண், சொல்லுங்க சொல்லுங்க என்று கையைக் காலை ஆட்டினாள்.

"ஒண்ணு கேக்கறேன். நிஜமா சொல்லு" என்றார் அவர். "பார்க்க எப்படி இருக்கேன்? இந்தப் பசங்களைப் பார்த்தா எனக்கு என்னவோ மாதிரி இருக்கு. காலைல என்னைப் பார்த்தது நீதானே, சொல்லு."

இதைவிட வாகான நேரம் கிடைக்காது. ஒரே ஒரு வாக்கியம். பாத்ரூம் போய் பின்னாடி துடைச்சுக்கோங்க. அவ்வளவுதான். வாய் வரைக்கும் வந்தது. அந்தத் தாழ்ந்த குரலைக் கேட்ட பிறகு, அதை இன்னும் தாழ்த்துகிற எதையும் அவளால் சொல்ல முடியவில்லை.

"மாப்பிள்ளை மாதிரி இருந்தீங்க" என்றாள்.

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு. "சரி, வைக்கட்டுமா?"

"இருங்க, இருங்க. ஒரு விஷயம்." அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "பேசி முடிச்சு வெளிய வரும்போது அவங்களுக்கு முதுகைக் காட்டாதீங்க."

"ஏன்?"

"அது மரியாதைக் குறைவாம். இப்பல்லாம் அதையும் பார்க்கறாங்களாம். கடைக்கு வர்ற ஒரு ஆபீசர் சொன்னாரு."

"அப்ப எப்படி வெளிய வர்றது? பின்பக்கமாவே நடந்தா?"

"நாலு அடிதானே. கதவு வரைக்கும்."

"சரி" என்றார் அவர். "நல்லவேளை சொன்ன."

போன் நின்றது. மருந்துப் பெண் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால்கூட கேஷ் அக்காவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் போன் வரவில்லை. இவள் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்து ஓய்ந்தது. ஒரு தடவை, இன்னொரு தடவை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அப்படியே மூடிவைத்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் அவர்தான் வருகிறார் என்று நிமிர்ந்தாள். வருகிறவர்கள் காய்ச்சலும் கழுத்து வலியுமாக வந்தார்கள். முதலாளியிடம் போய்த் தலைவலி என்று சொன்னாள். சொல்லும்போதே, இந்தப் பொய் தன் வீட்டுக்காரருடையது என்று நினைவு வந்தது. முதலாளி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, போம்மா போ என்றார்.

பஸ்ஸில் கடைசி வரிசைக்கு முன்னால் நிற்கத்தான் இடம் கிடைத்தது. அங்கிருந்து பார்த்தால் தலைகளின் பின்புறம் தவிர வேறொன்றும் தெரியவில்லை. சுழி உள்ள தலை, வேர்ப்பக்கம் நரைத்த தலை, யாரோ அவசரமாகப் பின்னியதில் ஒரு பக்கம் பிதுங்கி நிற்கிற தலை. இத்தனை பேரும் தங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார்கள். பின்னந்தலையை ஒருத்தரும் பார்த்திருக்க மாட்டார்கள். முன் இருக்கையில் இருந்த ஒரு பெண்ணின் கொண்டையில் காய்ந்த இலை ஒன்று சிக்கியிருந்தது. நின்றிருந்த வேறொரு பெண் கையை நீட்டி, "இலைங்க" என்று எடுத்துப் போட்டாள். அவள் திரும்பி, "அப்படியா, தேங்க்ஸ்" என்றாள். அதோடு முடிந்தது விஷயம். முன்பின் தெரியாதவர்கள். கேஷ் அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டில் அவர் இல்லை. ட்ரிம்மரை எடுத்து அலமாரிக்குள் தள்ளினாள். தரையில் கிடந்த முடியைப் பெருக்கினாள். பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினாள். படியிறங்கித் தெருமுனை வரை போனாள், திரும்பி வந்தாள். அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தாள், அது சுண்டிப்போகும் வரை கவனிக்கவில்லை. இருப்புக் கொள்ளவில்லை. அவர் எங்கேயாவது ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, எல்லோரும் தன் முதுகைப் பார்த்துச் சிரிப்பதுகூடத் தெரியாமல் இருப்பதாக ஒரு படம் மனதில் ஓடியது. அதைத் துரத்தினால், எல்லாம் தெரிந்துபோய் உட்கார்ந்திருப்பதாக இன்னொரு படம் வந்தது. எது மோசம் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

இருட்டுகிற நேரத்தில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தலையில் ஒரு முடிகூட இல்லை. சுத்தமாக மழித்திருந்தார். விளக்கு வெளிச்சத்தில் மண்டை பளபளத்தது. சட்டையைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார், மேலே பனியன் மட்டும்தான். சுருட்டிய சட்டையின் காலரிலிருந்து முதுகுவரை கறுப்பு வழிந்து காய்ந்திருந்தது.

"உள்ள விடு" என்றார்.

அவள் நகர்ந்தாள். அவர் தரையில் சுவரோரமாக உட்கார்ந்தார்.

"நல்லாத்தான் பேசினேன்" என்றார். "கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன். மூணு பேர் இருந்தாங்க, சின்ன ரூம். முடிச்சு எழுந்து, நீ சொன்ன மாதிரியே பின்பக்கமா நடந்தேன். மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. சரி, மரியாதையைப் பார்க்கறாங்கன்னு நினைச்சேன். அந்தக் கதவு உள்பக்கமாத் திறக்கிற கதவு. டீ கொண்டு வந்த ஆள் வெளியே இருந்து தள்ளினான். என் முதுகுல பட்டுத் தடுமாறி, அவங்க மேஜைல ரெண்டு கையையும் ஊனிக் குனிஞ்சுட்டேன். அவங்க மூக்குக்கு நேரா என் பின்னந்தலை."

கேஷ் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒரு பையன் டிஷ்யூ எடுத்துக் கொடுத்தான். நம்ம பொண்ணைவிடக் கொஞ்சம்தான் பெரியவனா இருப்பான். சார், கழுத்துல ஏதோ வழியுது, துடைச்சுக்குங்கன்னான். மரியாதையாத்தான் சொன்னான். பாத்ரூம்ல போய் போனைப் பின்னாடி பிடிச்சு ஒரு போட்டோ எடுத்தேன். அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சது."

"அப்புறம்?"

"பக்கத்துல ஒரு சலூன். யார் சார் இப்படி வெட்டினதுன்னு சலூன்காரர் கேட்டார். நானே வெட்டிக்கிட்டேன்னேன். கையெட்டாத இடத்துல எப்படி சார்னு சிரிச்சார். எல்லாத்தையும் எடுத்துடுங்கன்னுட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "காசு குடுத்துத்தான் வெட்டிக்கிட்டேன்."

அவள் அவர் எதிரே உட்கார்ந்து, "தப்புதாங்க. ரப்பர் பேண்ட் அறுந்துபோயி..." என்று ஆரம்பித்தாள்.

"முடியைப் பத்தி யார் பேசினது? முடி வளரும். மண்டையில ரோடு போட்டதுக்குக்கூட எனக்குக் கோபம் இல்ல."

"பின்ன?"

"போன்ல கேட்டேன்ல. நிஜமா சொல்லுன்னு."

"சொன்னா உள்ள போகாம திரும்பிடுவீங்களோன்னு பயந்துட்டேன்" என்றாள், மெதுவாக.

"திரும்பியிருப்பேன். இல்ல, துடைச்சுக்கிட்டுப் போயிருப்பேன். இல்ல, அப்பவே மழிச்சுக்கிட்டுப் போயிருப்பேன். அது என் பாடு. அதை நான் முடிவு பண்ணியிருப்பேன்." அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவள் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள். "வெளிய எல்லாரும் எங்கிட்ட ரொம்ப நல்லாப் பேசறாங்க. கூப்பிடறோம் சார்ங்கறாங்க. உங்க அனுபவம் பெரிய சொத்துங்கறாங்க. உன் தம்பிகூட, மாமா கவலைப்படாதீங்க, நல்லதே நடக்கும்னு தோள்ல தட்டறான். இவங்க யாரும் நிஜம் பேசலைன்னு எனக்குத் தெரியும். பரவாயில்லை, வீட்டுக்குப் போனா அவ இருக்கா, உள்ளதை உள்ளபடி சொல்லிடுவான்னு இருந்தேன். இப்ப நீயும் எங்கிட்ட நல்லாப் பேச ஆரம்பிச்சுட்ட."

பத்து மாதமாக அவரை நோகடிக்கக் கூடாது என்று வாயைக் கட்டி வைத்திருந்தாள். அதைப் பாசம் என்றுதான் இதுநாள் வரை நினைத்திருந்தாள். பாசமும் இருந்தது. ஆனால் அதற்குள் கொஞ்சம் பரிதாபமும் கலந்துவிட்டது என்பதும், அதை அவர் என்றைக்கோ கண்டுகொண்டார் என்பதும் இப்போதுதான் தெரிந்தது. அவர் மனசு தாங்காது என்று அவளாக முடிவு செய்திருந்தாள். அவரை அப்படி நினைத்ததற்காக அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"இப்ப சொல்லு" என்றார் அவர். "ஒரு வாரத்துல கூப்பிடறோம்னு சொன்னாங்க. கூப்பிடுவாங்களா?"

நிச்சயம் கூப்பிடுவாங்க. வேலையைத்தானே பார்ப்பாங்க, தலையையா பார்ப்பாங்க? இது இல்லைன்னா இன்னொண்ணு. எல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் வந்து நின்றன. பத்து மாதப் பழக்கம் லேசில் போகுமா? அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முடி இல்லாத அந்த முகத்தில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. அவர் பயந்திருப்பது தெரிந்தது. பயந்துகொண்டேதான் கேட்கிறார்.

"கூப்பிட மாட்டாங்க" என்றாள்.

அவர் அசையவில்லை.

"இவங்க மட்டுமில்ல. இந்த மாதிரி குடோன் வேலை இனிமே உங்களுக்குக் கிடைக்காதுன்னு எனக்குத் தோணுது. அந்தப் பசங்களை வச்சுக்கிட்டு உங்களை எடுக்க மாட்டாங்க. ரொம்ப நாளாவே தோணுது. சொல்லத்தான் வாய் வரல."

எழுந்து போய்விடுவார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் கழுத்தைப் பின்னால் சாய்த்து, மொட்டைத் தலையைச் சுவரில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார். மூச்சை நீளமாக விட்டார்.

"எனக்கும் ரொம்ப நாளாத் தோணுது" என்றார். "நீ நம்பிக்கையோட இருக்கியேன்னுதான் போய்ப் போய் வந்துக்கிட்டிருந்தேன்."

அவள் நகர்ந்து வந்து, அவர் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.